ஐகான் வரையப் பழகுகிறவர்கள் எங்கே சறுக்குகிறார்கள்?

ஐகான் என்பது ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவ மரபில் மரப்பலகையில் தீட்டும் இயேசு, மாதா, புனிதர்களின் படம். அதைக் கற்க வருகிறவர்கள் பலரும் முதல் நாளே கேட்பது, "முகம் எப்போது வரைவோம்?" என்பதுதான். ஆசை நியாயமானது. ஆனால் ரஷ்ய மரபில் முகம் கடைசி வேலை. பலகை, அடிப்பூச்சு, கோடு, தங்கம், உடை, கட்டடம், மலை எல்லாம் முடிந்த பிறகே முகமும் கைகளும். அந்த முகத்தில் வெடிப்பு விழுந்தால், தவறு பெரும்பாலும் அடிப்பூச்சில் நடந்திருக்கும்.

ஆக்ரிலிக் ஜெஸ்ஸோ என்ற செயற்கை அடிப்பூச்சு அடித்த பலகையில் முட்டை வண்ணம், அதாவது மஞ்சள் கருவில் நிறத்தூள் குழைத்த வண்ணம், தீட்டுவது பரவலான தவறு. முட்டை வண்ணத்துக்கு நன்றாக உறிஞ்சும் தரை வேண்டும். ஆக்ரிலிக் பூச்சு அப்படி உறிஞ்சாது, வண்ணம் பிடிப்பில்லாமல் நிற்கும். மரபான பூச்சை ரஷ்யர்கள் லெவ்காஸ் என்பார்கள். விலங்குத் தோல் பசையில் சாக் (chalk) தூள் கலந்து செய்வது. அதற்கு முன் பலகைக்கு வெறும் பசை ஒரு கை அடித்து, பசையில் நனைத்த லினன் துணியை ஒட்டுவார்கள். மரம் சுருங்கி விரியும்போது பூச்சைப் பிடித்து வைப்பது அந்தத் துணிதான். அதை வீண் வேலை என்று நினைத்து விட்டுவிடக் கூடாது. அப்புறம், பசையைக் கொதிக்க விடவும் கூடாது. கொதித்த பசைக்குப் பிடிப்புப் போய்விடும், சூடு கூடினால் பூச்சில் ஊசித்துளை விழும். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து இளஞ்சூட்டில் கரைத்து, மெல்லியதாக 8 முதல் 12 பூச்சு பூசி, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். நாலு தடித்த பூச்சில் முடித்தால் காயும்போதே கீறல் விடும்.

முட்டைக்கு வருவோம். வெள்ளைக் கருவை வடித்துவிட்டு, மஞ்சள் கருவை ஒரு உள்ளங்கையிலிருந்து மறு உள்ளங்கைக்கு மெதுவாக உருட்ட வேண்டும். ஒவ்வொரு தடவையும் காலியான கையைத் துடைத்துக்கொள்ள வேண்டும். ஈரம் போனதும் கருவின் தோலை இரு விரலால் கிள்ளித் தூக்கி, கிண்ணத்துக்கு மேலே பிடித்து ஊசியால் குத்தினால் உள்ளிருப்பது வழிந்துவிடும், தோல் விரலில் நிற்கும். தோலும் வெள்ளைக் கருவும் கலந்தால் வண்ணம் இழை இழையாக வரும். வழிந்த கருவோடு தண்ணீரோ வெள்ளை ஒயினோ சிறிது வினிகரோ சேர்ப்பார்கள். நம் ஊர் வெயிலில் நேற்றைய கலவையை இன்று எடுக்க வேண்டாம், நாற்றமே சொல்லிவிடும்.

எவ்வளவு முட்டை, எவ்வளவு நிறத்தூள்? இதற்கு எல்லாத் தூளுக்கும் பொதுவான கணக்கு கிடையாது. ஒரு கண்ணாடித் துண்டில் தீட்டி, காய்ந்ததும் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். நாடாவாக உரிந்தால் சரி. பொடியாக உதிர்ந்தால் முட்டை போதவில்லை. முட்டை அதிகமானால் பளபளப்பு கூடும், பின்னால் வெடிக்கும். இந்தச் சின்னச் சோதனையைச் செய்யச் சோம்பல்படுகிறவர்கள்தான் அதிகம்.

தங்க ரேக்கு ஒட்டும்போது ஃபேனை நிறுத்த மறப்பது சிரிப்பான தவறு. வண்ணம் தீட்டிவிட்டு அதற்குப் பிறகு ரேக்கு ஒட்டுவது சிரிப்பில்லாத தவறு, முட்டை வண்ணத்தின் மேலும் தங்கம் ஒட்டிக்கொள்ளும்.

படியெடுப்பதில் எனக்குப் பொறுக்காதது, அழுக்கையும் சேர்த்துப் படியெடுப்பது. பழைய ஐகான்களுக்கு மேலே பூசிய ஆளி விதை எண்ணெய் பல பத்தாண்டுகளில் கறுத்துவிடும். அந்தப் பழுப்புதான் பக்தி நிறம் என்று நினைத்து, எல்லா வண்ணத்திலும் பழுப்பைக் கலக்கிறார்கள். பழைய ரஷ்ய ஓவியர் ஆந்திரேய் ருப்லேவ் மூன்று தேவதூதர்களை மேசையைச் சுற்றி உட்கார வைத்து வரைந்த திரித்துவ ஐகானும் அப்படித்தான் மூடிக் கிடந்தது. 1904-ல் கறுத்த எண்ணெயையும் மேல்பூச்சுகளையும் நீக்கத் தொடங்கிய பிறகுதான் உள்ளிருந்த தெளிந்த நீலம் வெளியே வந்தது.

அதே ஐகானில் இரு பக்கத் தேவதூதர்களின் உள்கோடுகள் சேர்ந்து நடுவே ஒரு கிண்ண வடிவம் தரும். கோடு சற்றுத் தள்ளினால் கிண்ணம் காணாமல் போகும். அவர்களின் கால்பலகைகள் பின்னால் போகப் போக விரிவதைப் பார்த்து, "பழைய ஆளுக்குத் தூரக் கணக்கு தெரியவில்லை" என்று திருத்துகிற மாணவரும் உண்டு. அது தெரியாமல் வந்ததல்ல, மரபு. நம் வீடுகளில் தொங்கும் சதா சகாய மாதாவும் ரோமில் இருக்கும் ஒரு ஐகானின் படிதான். அதில் குழந்தை இயேசு தாயைப் பார்ப்பதில்லை. தேவதூதர் ஏந்தி வரும் சிலுவை முதலான பாடுகளின் கருவிகளைக் கண்டு திரும்புகிறார், ஒரு காலின் செருப்பு கழன்று தொங்குகிறது. அழகுக்காக அந்தச் செருப்பை மாட்டி, குழந்தையைத் தாயைப் பார்க்கத் திருப்பி, இருவரையும் சிரிக்க வைத்துவிட்டால் அந்த ஐகான் சொல்ல வந்த விஷயமே போய்விடும்.

முகத்துக்கு முதலில் சங்கீர் என்னும் இருண்ட ஆலிவ் நிற அடித்தளம். அதன் மேல் காவி நிறங்களைப் படிப்படியாக வெளுத்துக்கொண்டே போவார்கள். நிழல் போட்டு உருவம் காட்டும் பழக்கமுள்ளவர்கள் இங்கே தடுமாறுவார்கள். ஜன்னல் வெளிச்சம் ஒரு கன்னத்தில் விழுவது போல வரைந்தால் அது உருவப்படம்தான், ஐகான் அல்ல. இன்னொரு தவறு அவசரம். இரண்டாம் அடுக்கிலேயே வெள்ளையைக் கூட்டிவிட்டால், கடைசியில் வைக்கும் மெல்லிய வெள்ளைக் கீற்றுகளுக்கு வேலை இருக்காது, முகம் முகமூடியாகிவிடும்.

கற்பிப்பவர்களும் தவறு செய்கிறார்கள். ஒரு வாரப் பயிற்சியில் எல்லோரும் கையில் ஒரு மாதா படத்தோடு வீடு போக வேண்டும் என்று, மாணவரின் முகத்தை ஆசிரியரே முடித்துக் கொடுப்பது அதில் முதன்மையானது. படம் நன்றாகத்தான் இருக்கும், மாணவருக்கு ஒன்றும் வந்திருக்காது. சோவியத் காலத்திலேயே, 1958-ல், மாஸ்கோ இறையியல் கல்விக்கழகத்தில் ஐகான் பயிற்சிக் குழுவைத் தொடங்கிய மரியா சொகலோவா பழைய ஐகான்களைப் படியெடுப்பதையே அடிப்படையாக வைத்தார். முதல் மாதங்களில் துணி மடிப்பும் கோடும் போதும். மாணவரின் பலகையில் கைவைக்காமல், பக்கத்தில் ஒரு தாளில் வரைந்து காட்டுங்கள்.

தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கும் பழக்கத்தை முதல் நாளே நிறுத்தச் சொல்லுங்கள். அசல் சிந்தூரத்தில் பாதரசம், பழைய மஞ்சள் அரிதாரத்தில் ஆர்சனிக், ஈய வெள்ளையில் ஈயம். தூள் கலக்கும்போது முகக்கவசம் போட்டுக்கொள்ளவும்.

பெயரெழுத்தைக் கடைசி நேர அலங்காரமாக விடாதீர்கள். யார் என்ற பெயர் இல்லாத உருவத்தை ஆர்த்தடாக்ஸ் மரபு முழு ஐகானாக ஏற்பதில்லை. அதை எழுதிய பிறகே மேல் எண்ணெய். முட்டை வண்ணம் நன்றாக இறுகச் சில வாரமாவது விட்டு எண்ணெய் ஊற்றுங்கள். ஊற்றிவிட்டுத் தூங்கப் போகக் கூடாது. பிசுபிசுப்பு ஏறுவதற்குள் மிச்சத்தை உள்ளங்கையால் வழித்து எடுக்காவிட்டால், காலையில் தெருத் தூசி அத்தனையும் அதில் ஒட்டியிருக்கும்.