படுத்தால் மறைகிற வீக்கம்: ஹெர்னியாவில் நாம் விடும் பிழைகள்

காலையில் ஒன்றும் இராது. பகல் முழுக்க நின்று வேலை செய்தபின், தொடையும் வயிறும் சேரும் மடிப்புக்குச் சற்று மேலே சிறு புடைப்பு ஒன்று தெரியும். இருமினால் துருத்தும், மல்லாந்து படுத்தால் போய்விடும். திருகோணமலையில் கரைவலை இழுக்கிறவர்களும் மூட்டை சுமக்கிறவர்களும் இதை "வாய்வு" என்றோ "தசை பிடிச்சிட்டு" என்றோ சொல்லி மாதக்கணக்கில் ஓட்டிவிடுவார்கள். பெரும்பாலும் அது குடலிறக்கம், அதாவது ஹெர்னியா.

முதல் பிழை, மறைவதை நல்ல அறிகுறியாக எடுப்பது. அடிவயிற்றுச் சுவரில் பலவீனமான இடம் வழியே குடலோ கொழுப்போ வெளியே தள்ளுகிறது. படுத்தால் அது உள்ளே போகிறதே தவிர, வழி அடைபடுவதில்லை. போய்ப் போய் வருவதுதான் இதன் குணம். ஆகவே டொக்டரிடம் கட்டிலில் படுத்து மட்டும் காட்டிவிட்டு வராதீர்கள். நின்று, இருமிக் காட்டுங்கள். வீக்கம் தெரியும் நேரத்தில் போனில் ஒரு படம் எடுத்து வைத்தாலும் உதவும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, அவர்கள் தினமும் பார்ப்பதுதான்.

அடுத்தது, வலி இருந்தால்தான் வருத்தம் என்ற கணக்கு. பலருக்கு வலியே வராது. பின்னேரமானால் ஒரு பாரம், கீழே இழுப்பது போல ஓர் உணர்வு, சில வேளை எரிவு, அவ்வளவுதான். மறுபக்கம், அரையில், அதாவது தொடையும் வயிறும் சேரும் இடத்தில், தெரியும் வீக்கமெல்லாம் ஹெர்னியாவும் அல்ல. காலில் சிப்பியோ முருகைக்கல்லோ வெட்டிப் புண்ணானால் அரையில் நெறி கட்டும். அது தொட்டால் நோகும், படுத்தாலும் போகாது. விதைப்பைக்குள் நீர் தேங்கினாலும் வீங்கும். ஆனால் இளம் பையனுக்கு விதையில் திடீரென்று கடும் வலி வந்தால் அது விதை முறுக்கிக்கொண்டதாக இருக்கலாம். சில மணி நேரத்துக்குள் சத்திரசிகிச்சை செய்யாவிட்டால் விதையே போய்விடும், விடியட்டும் என்று இருக்கக் கூடாது.

பெண்களுக்கு இது வராது என்பதும் பிழை. வாழ்நாளில் 100 ஆண்களில் சுமார் 27 பேருக்கும், 100 பெண்களில் சுமார் 3 பேருக்கும் அரையில் ஹெர்னியா வருகிறது. தவிர, மடிப்புக்குக் கீழே தொடைப் பக்கம் வருகிற இன்னொரு வகை பெண்களிடம்தான் கூடுதலாகக் காணப்படுகிறது. சிறிதாக இருந்தாலும் அது எளிதில் இறுகிவிடும். யாரிடமும் சொல்லாமல் மறைத்து வைக்கிற அம்மாமார்தான் இதில் கூடுதல் ஆபத்தில் இருக்கிறார்கள்.

குழந்தை அழும்போது அரையில் புடைத்தால், தொப்புள் புடைப்பு தானாக மாறியதே, இதுவும் மாறும் என்று மூத்தவர்கள் சொல்வார்கள். தொப்புளில் வருவது பெரும்பாலும் தானாக மூடிவிடும், உண்மைதான். அரையில் வருவது மூடாது. குழந்தைகளுக்குக் குடல் அதில் சிக்கிக்கொள்ளும் வாய்ப்பும் அதிகம், ஆகவே தாமதிக்காமல் காட்ட வேண்டும்.

எண்ணெய் தேய்ப்பு, உருவிவிடுதல், கடையில் வாங்கும் பெல்ட், எதுவும் இதைக் குணமாக்காது.

உண்மையில் பயப்பட வேண்டியது, போய்வந்த வீக்கம் ஒருநாள் போகாமல் நிற்கும்போது. அது கல்லுப் போல இறுகும், நோகும், மேல்தோல் சிவக்கும் அல்லது கருக்கும். வாந்தி, வயிறு ஊதல், காற்றுக்கூடப் பிரியாத நிலை சேர்ந்தால் குடலுக்கு இரத்தம் போகவில்லை என்று எடுக்க வேண்டும். அழுத்தித் தள்ளிப் பார்க்காதீர்கள். சோடாவும் கொத்தமல்லித் தண்ணீரும் வேண்டாம், வாயில் எதுவும் கொடுக்காமல் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்சைக் கூப்பிடுங்கள், அது இலவசம். மூதூர், கிண்ணியா பக்கமென்றால் நகரத்துப் பெரியாஸ்பத்திரி வரை போவோம் என்று நேரம் கடத்தாமல் அருகிலுள்ள வைத்தியசாலைக்கே முதலில் போகலாம்.

சரி, வலியில்லாத ஹெர்னியாவுக்கு உடனே ஒப்பரேஷன் கட்டாயமா? ஆண்களுக்கு, தொந்தரவு இல்லையென்றால், டொக்டர் கண்காணிப்பில் காத்திருக்கலாம். ஆனால் அப்படிக் காத்திருந்தவர்களை ஆய்வாளர்கள் தொடர்ந்து பார்த்தபோது, 10 வருடத்துக்குள் மூன்றில் இரண்டு பங்கினர் எப்படியோ ஒப்பரேஷனுக்கு வந்துவிட்டார்கள், பெரும்பாலும் வலி கூடியதால். காத்திருக்கும் காலத்தில் நாட்பட்ட இருமலையும் மலச்சிக்கலையும் கவனியுங்கள். வயதானவர் முக்கி முக்கிச் சிறுநீர் கழிப்பவரென்றால் அதையும் டொக்டரிடம் சொல்ல வேண்டும். அதைச் சரிசெய்யாமல் ஒப்பரேஷனில் பலவீனமான இடத்துக்கு வலை (mesh) வைத்துத் தைத்தால், தைத்த இடத்துக்கு அதே அழுத்தம்தான்.