கார் பேட்டரியை வீட்டிலேயே மாற்றுவது எப்படி?

சாவியைத் திருப்பினால் 'டிக் டிக்' என்ற ஒலி மட்டும் வருகிறது என்பதற்காக உடனே புதிய பேட்டரி வாங்கிவிட வேண்டாம். முதலில் மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். இரவெல்லாம் நின்றிருந்த காரில் 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரி முழு சார்ஜில் இருக்கிறது. 12 வோல்ட்டுக்கு இறங்கியிருந்தால் ஏறக்குறைய காலி. இன்ஜின் ஓடும்போது பெரும்பாலான கார்களில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை காட்ட வேண்டும். அந்த அளவை எட்டவில்லை என்றால், ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரைத்தான் பார்க்க வேண்டும். புதிய பேட்டரி போட்டாலும் விரைவில் அதுவும் இறங்கிவிடும்.

வாங்கும்போது பழைய பேட்டரியின் மேலுள்ள குறியீட்டை எழுத்து மாறாமல் குறித்துக்கொள்ளுங்கள். சிறிய பெட்ரோல் கார்கள் பலவற்றில் 38B20L என்று இருக்கும். இதிலுள்ள 38 ஆம்பியர்-மணியைக் குறிப்பதன்று. அந்தப் பேட்டரியின் திறன் பொதுவாக 35 ஆம்பியர்-மணிதான். 20 என்பது சென்டிமீட்டரில் அதன் தோராயமான நீளம். கடைசி எழுத்தில்தான் மிகுந்த கவனம் தேவை: L, R இரண்டும் ஒரே அளவுள்ளவை, ஆனால் பிளஸ், மைனஸ் முனைகள் இடம் மாறியிருக்கும். மாற்றி வாங்கினால் கேபிள் எட்டாது; இழுத்து மாட்ட முயலவே கூடாது.

இன்ஜினை அணைத்து, சாவியை வெளியே எடுத்துவிட்டு, மோதிரம், கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றி வையுங்கள். கையுறையும் கண்ணாடியும் அணியுங்கள்.

இனி, எல்லாவற்றிலும் முக்கியமான படி: கேபிள்களைக் கழற்றும்போது முதலில் மைனஸ், பிறகு பிளஸ். காரின் இரும்பு உடல் முழுவதும் மைனஸுடன் இணைந்திருக்கிறது. மைனஸைக் கழற்றாமல் பிளஸில் கைவைத்து, ஸ்பேனரின் மறுமுனை பக்கத்துத் தகட்டில் பட்டுவிட்டால், நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்னோட்டம் அந்த ஸ்பேனர் வழியாகவே பாயும். அந்தப் பாதையில் அதைத் தடுக்க ஃபியூஸ் எதுவும் கிடையாது. மைனஸை முதலில் எடுத்து, துணி சுற்றி ஒதுக்கிவிட்டால் அந்த ஆபத்து நீங்கிவிடுகிறது. இதற்கு 10 மி.மீ. ரிங் ஸ்பேனரையே நான் பரிந்துரைப்பேன். அட்ஜஸ்டபிள் ஸ்பேனர் வழுக்கி நட்டின் முனைகளை மழுங்கடித்துவிடும்.

நட்டைத் தளர்த்திய பிறகும், கேபிளை முனையோடு பிடித்திருக்கும் கிளாம்ப் அசையாமல் இருப்பது பலருக்கும் நேர்வது. வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பூத்து இறுகியிருக்கும். சுத்தியலால் தட்டுவதோ, ஸ்க்ரூடிரைவரை அடியில் கொடுத்து நெம்புவதோ கூடாது; முனை மென்மையான ஈயத்தால் ஆனது, பேட்டரியின் மூடியும் விரிசல் விடும். வெந்நீரில் ஆப்ப சோடாவைக் கரைத்து மெல்ல ஊற்றி, நுரை அடங்கியதும் கிளாம்பை இடமும் வலமுமாகத் திருகிக்கொண்டே மேலே தூக்குங்கள். பூத்த உப்பை வெறுங்கையால் தொடாதீர்கள்.

பேட்டரியைப் பிடித்திருக்கும் கம்பியை எடுத்துவிட்டு, சாய்க்காமல் இரு கைகளாலும் தூக்குங்கள். எடை சுமார் 10 கிலோ இருக்கும். கிளாம்பின் உட்புறத்தைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்துவிட்டு, புதியதை வைத்துக் கம்பியை இறுக்கி, இம்முறை பிளஸை முதலிலும் மைனஸைக் கடைசியிலும் மாட்டுங்கள். மைனஸ் தொடும்போது சிறு பொறி வருவது இயல்பு. கிளாம்ப் கையால் திருகினால் அசையக்கூடாது. முனைகளின் மேல் வாசலினை மெல்லியதாகத் தடவுங்கள். இறுக்கிய பிறகுதான் தடவ வேண்டும்.

பின்சேர்க்கை: மாற்றிய பின் ஜன்னல் கண்ணாடிகள் தாமாக ஏறுவதில்லை என்று சிலர் எழுதியிருந்தார்கள். பல கார்களில் கண்ணாடியை முழுவதும் ஏற்றி, ஸ்விட்சைச் சில நொடிகள் பிடித்திருந்தால் சரியாகிவிடும். சிக்னலில் இன்ஜின் தானாக அணையும் கார் வைத்திருப்பவர்கள் சாதாரண பேட்டரி வாங்காதீர்கள். கையேட்டில் உள்ளபடி, அடிக்கடி ஸ்டார்ட் ஆவதைத் தாங்கும் ஈ.எஃப்.பி. அல்லது ஏ.ஜி.எம். வகையே வேண்டும். பழைய பேட்டரியைக் கடையிலேயே கொடுத்துவிடுங்கள்; அதற்கு விலையில் கழிவும் தருவார்கள்.