‘வீக்கன்’: ஓர் ஆங்கில வினையை மலேசிய நாணயமான ரிங்கிட்டோடு சேர்த்துப் படிப்போம்

‘உடம்பு வீக்கா இருக்கு’ என்று தமிழிலேயே சொல்லிப் பழகிவிட்டதால், எஸ்பிஎம் (மலேசிய இடைநிலைப் பள்ளி இறுதித் தேர்வு) ஆங்கிலத்துக்குத் தயாராகும் கோலாலம்பூர் பிள்ளைகளுக்கு ‘வீக்கன்’ தெரிந்த சொல்லாகவே தோன்றும். எழுதும்போதுதான் இடிக்கும். ‘வீக்’ நிலையைச் சொல்கிறது. ‘வீக்கன்’ மாற்றத்தைச் சொல்கிறது.

படி 1: உருவம்
‘வீக்’ என்பதோடு ‘என்’ ஒட்டினால் வினை. ஷார்ட்–ஷார்ட்டன், வைட்–வைடன் போல. இறந்தகாலம் ‘வீக்கன்ட்’. சனி, ஞாயிறைச் சொல்லும் ‘வீக்கெண்ட்’டுக்கு எழுத்தும் வேறு, கடைசி அசையின் ஒலியும் வேறு.

படி 2: தன்வினையா, பிறவினையா?
தமிழில் ‘பலவீனமானது’, ‘பலவீனமாக்கியது’ என்று பிரித்துச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். ‘தி ஸ்டார்ம் வீக்கன்ட்’ என்றால் புயல் தானே வலுவிழந்தது. ‘தி ஃபீவர் வீக்கன்ட் ஹிம்’ என்றால் காய்ச்சல் அவரைப் பலவீனமாக்கியது. வினைக்குப் பின் செயப்படுபொருள் உண்டா என்று பாருங்கள், போதும். கிளினிக்கில் மட்டும் ‘ஐ வீக்கன்’ என்று சொல்லாதீர்கள். அங்கே ‘ஐ ஃபீல் வீக்’தான்.

படி 3: நாளிதழின் வணிகப் பக்கம்
இந்தச் சொல் அதிகம் புழங்கும் இடங்களில் இதுவும் ஒன்று. ‘ரிங்கிட் வீக்கன்ஸ் அகெய்ன்ஸ்ட் தி டாலர்’ என்ற தலைப்பில் ‘அகெய்ன்ஸ்ட்’டை விட்டுவிடாதீர்கள், எதோடு ஒப்பிடுகிறோம் என்பதை அதுதான் சொல்கிறது. 1998 செப்டம்பரில் ஒரு டாலருக்கு 3.80 என்று, மாறாதபடி ரிங்கிட்டின் மதிப்பைக் கட்டி வைத்தார்கள். 2005 ஜூலையில்தான் அவிழ்த்தார்கள். அந்த ஆண்டுகளில் டாலருக்கு எதிராக ‘வீக்கன்ட்’ என்று எழுத வழியே இல்லை. ஆனால் யூரோவுக்கு எதிராக எழுதலாம்.

பலரும் குழம்புவது எண்ணில். 2024 பிப்ரவரியில் ‘வீக்கன்ட் டு 4.79’ என்று படித்தவர்கள், எண் ஏறியிருக்கிறதே, நல்லதுதானே என்று நினைக்கலாம். ஒரு டாலர் வாங்க நாம் கூடுதல் வெள்ளி (ரிங்கிட்) கொடுக்கிறோம், அதனால்தான் ‘வீக்கன்ட்’. எந்த விலையில் வந்து நின்றது என்பதற்கு ‘டு’, எவ்வளவு சரிந்தது என்பதற்கு ‘பை’.

படி 4: மனம் இளகுதல்
பினாங்கு பாலிக் புலாவில் டுரியான் பருவம். ‘வேண்டாம், சூடு’ என்று அம்மா மறுக்கிறார். பிள்ளை கெஞ்சக் கெஞ்ச, சரி, ஒன்று வாங்கு என்கிறார். ‘அட் லாஸ்ட் ஷி வீக்கன்ட்’. உடல் சோர்வுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பிடிவாதம் தளர்ந்தது, அவ்வளவுதான். எனக்குப் பிடித்த பயன்பாடு இது.

படி 5: பக்கத்து வீட்டுச் சொற்கள்
தே தாரிக்கில் (ஆற்றிய பால் தேநீரில்) தண்ணீர் கலந்தால் ‘டைலூட்’ என்பதே இயல்பு. ஒருவரின் செல்வாக்கையோ நம்பிக்கையையோ கொஞ்சம் கொஞ்சமாகக் குழிபறித்தால் ‘அண்டர்மைன்’. இதற்குச் செயப்படுபொருள் கட்டாயம். ‘ஹிஸ் அத்தாரிட்டி அண்டர்மைன்ட்’ என்று நிறுத்தினால் வாக்கியம் தவறு. ‘வாஸ் அண்டர்மைன்ட்’ என்றால் சரி.

பயிற்சி: ‘மழை வலுவிழந்தது’, ‘கறையான் தூணைப் பலவீனமாக்கியது’. இரண்டையும் ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். முதலாவதில் வினைக்குப் பின் பெயர்ச்சொல் வந்துவிட்டால், படி 2-க்குத் திரும்புங்கள்.