டோர்ச்சைத் தாழப் பிடியுங்கள்: மலையக வீடுகளுக்குச் சில குறிப்புகள்

மலையகத்தில் இருட்டு ஆறுதலாக வருவதில்லை. நிலநடுக்கோட்டுக்கு அண்மையில் இருப்பதால் அந்தியின் மங்கல் வெளிச்சம் அரை மணி நேரம்கூட நிற்காது. மேற்கே ஒரு மலை மறைத்து நிற்கும் பள்ளத்து லயன்களிலோ வெயில் ஐந்து மணிக்கே போய்விடும். அதன் பிறகு மலசலகூடத்துக்குப் போக வேண்டும், பீலியில் தண்ணீர் பிடிக்க வேண்டும், டவுனிலிருந்து கடைசி பஸ்ஸில் வருகிற பிள்ளையை வீதிவரை போய் அழைத்து வர வேண்டும். இந்த வேலைகளுக்கெல்லாம் இன்று பெரும்பாலோர் கைத்தொலைபேசி வெளிச்சத்தையே நம்பியிருக்கிறார்கள். அவசரத்துக்கு அது உதவும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் மழையில் நனைந்த கையில் அது வழுக்கும், அதன் ஒளி பரவலாக விழுந்து பத்தடிக்கு அப்பால் எதையும் காட்டாது, எல்லாவற்றுக்கும் மேலாக, உதவிக்கு அழைக்க வேண்டிய நேரத்தில் அதன் பெட்டரி தீர்ந்துபோயிருக்கும். ஆகவே சட்டைப்பையில் அடங்கும் ஒரு சிறு டோர்ச்சைத் தனியே வைத்துக்கொள்வது நல்லது.

வாங்கும்போது பெட்டியில் அச்சிட்டிருக்கும் பெரிய எண்ணைப் பார்த்து மயங்க வேண்டியதில்லை. வீட்டுக்கும் ஒற்றையடிப் பாதைக்கும் 100 முதல் 300 லூமன் (ஒளியை அளக்கும் அலகு) வரையான ஒளி தாராளமாகப் போதும். அதைவிட முக்கியம், பத்து இருபது லூமன் அளவுக்குக் குறைக்கக்கூடிய ஒரு தாழ்நிலை அதில் இருப்பது. இரவில் நாம் செய்யும் வேலைகளில் முக்கால்வாசிக்கு அந்தத் தாழ்நிலையே ஏற்றது. பெட்டரியும் பல மடங்கு நேரம் தாக்குப்பிடிக்கும். தோட்டத்துக் கடையிலும் கிடைக்கும் ‘டபிள் ஏ’ பெட்டரியில் எரிவதாகவும், நீர்த்தடுப்புக் குறியீடு ஐபிஎக்ஸ்4 அல்லது அதற்கு மேற்பட்டதாகவும் பார்த்து எடுங்கள். 4 என்பது எத்திசையிலிருந்தும் தெறிக்கும் நீரைத் தாங்கும் என்பதையும், 7 என்பது ஒரு மீற்றர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும் என்பதையும் குறிக்கும்.

இனி, பெரும்பாலோர் கவனிக்காத ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். டோர்ச்சின் பயன் அதன் வலுவைவிட அதைப் பிடிக்கும் இடத்தைப் பொறுத்தது. பனிமூட்டம் இறங்கிய இரவில் டோர்ச்சை முகத்தருகே உயர்த்திப் பிடித்தால் கண்முன்னே ஒரு வெள்ளைத் திரைதான் தெரியும். மூட்டத்தில் மிதக்கும் நுண்ணிய நீர்த்துளிகள் ஒளியை வந்த வழியே கண்ணுக்குத் திருப்பி விடுவதே இதற்குக் காரணம். வெளிச்சத்தைக் கூட்டக் கூட்டத் திரையும் தடிக்கும். அதே டோர்ச்சை இடுப்புக்குக் கீழே, முழங்கால் உயரத்தில், சற்று முன்னே நீட்டிப் பிடித்து, ஒளியையும் குறைத்துப் பாருங்கள். ஒளி போகும் பாதையும் கண் பார்க்கும் பாதையும் விலகிவிடுவதால் திரை மெலிந்து, நாலைந்து அடி தூரத்துக்குத் தரை தெளிவாகும். பனியில் நடப்பதற்கு அந்த நாலைந்து அடியே போதும்.

தாழப் பிடிப்பதால் இன்னொரு நன்மையும் உண்டு. ஒளி சாய்ந்து விழும்போது ஒவ்வொரு கல்லுக்கும் குழிக்கும் படி விளிம்புக்கும் பின்னால் நிழல் நீளும். அந்த நிழலைக் கொண்டுதான் நம் கண் மேடுபள்ளத்தை அறிகிறது. நெற்றியில் கட்டும் விளக்கு கண்ணருகிலேயே இருப்பதால் நிழல்கள் பொருளுக்குப் பின்னால் மறைந்து, தரை முழுவதும் தட்டையாகத் தோன்றும். சிவனொளிபாதமலைக்குப் போனவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மார்கழிப் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரையான பருவத்தில் நல்லதண்ணிப் பாதை நெடுகிலும் மின்விளக்கு எரியும். பருவம் அல்லாத மாதங்களில் 2,243 மீற்றர் உயர மலையின் அந்த ஆயிரக்கணக்கான படிகளையும் உங்கள் கைவிளக்கை நம்பியே ஏறி இறங்க வேண்டும். இறங்கும்போது நெற்றி விளக்கை அணைத்துவிட்டு, டோர்ச்சைத் தொடையருகே பிடித்துக்கொண்டு வாருங்கள். எந்தப் படி உயரம், எந்தப் படி உடைந்தது என்பதை நிழலே காட்டிவிடும்.

வீதியில் நடக்கும்போது முறை வேறு. நம் நாட்டில் வாகனங்கள் இடப்பக்கம் செல்வதால், எதிரே வருவதைக் காணும்படி வீதியின் வலப்பக்கம் ஒதுங்கி நடக்க வேண்டும் என்பது அனைவரும் அறிந்ததே. அப்படி நடக்கையில் டோர்ச்சை வருகிற வாகனத்தை நோக்கிக் காட்டாதீர்கள். வளைவில் திரும்பும் சாரதியின் கண் ஒரு கணம் கூசினாலும், மறுபக்கம் பள்ளமாக உள்ள வீதியில் அது பெரிய ஆபத்து. ஒளியை உங்கள் காலடியிலோ வெளிர்நிறச் சேலை, சாரத்தின் மீதோ படவிட்டால் சாரதிக்கு ஆள் தெரியும், கண்ணும் கூசாது. பஸ்ஸை மறிப்பதற்கும் இதே வழிதான்: ஒரு கையை நீட்டி, மற்றக் கையால் அந்த உள்ளங்கை மீது ஒளியைப் பாய்ச்சுங்கள். இருட்டில் ஒளிரும் ஒரு கையைக் கண்டும் நிறுத்தாமல் போகிற பஸ்ஸும் இருக்கத்தான் செய்கிறது. அதற்கு டோர்ச்சால் ஆவது ஒன்றுமில்லை.

தாழப் பிடிக்கும் விதிக்கு ஒரு விலக்கு உண்டு. தேயிலை மலை ஓரமாகப் போகையில், முன்னே விலங்கு ஏதும் நிற்கிறதா என்று பார்ப்பதற்கு மட்டும் டோர்ச்சைக் கண்ணின் உயரத்துக்குக் கொண்டுபோக வேண்டும். சிறுத்தை, மரை, நாய், பூனை முதலானவற்றின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருக்கிறது. அது வந்த வழியே ஒளியைத் திருப்புவதால், விளக்கு நம் கண்ணருகே இருந்தால்தான் அந்த மினுக்கம் நமக்குத் தெரியும். நம்மவர்கள் புலி என்றே சொல்லிவரும் சிறுத்தை மஸ்கெலியா, நோர்வூட் பக்கத்துத் தோட்டங்களை அண்டி வாழ்வது புதுச் செய்தியல்ல. இரண்டு கண்கள் மினுங்கினால் ஓடாமல், முதுகு காட்டாமல், ஒளியை அணைக்காமல், சத்தம் கொடுத்துக்கொண்டே பின்வாங்குங்கள். காட்டுப்பன்றியின் கண்ணில் அந்தப் படலம் கிடையாது. ஆகவே மினுக்கம் தெரியவில்லை என்பதற்காக வழி வெறுமையாக இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. குளவிக்கூடு தொங்கும் மரத்தையோ பாறையையோ நோக்கி ஒருபோதும் டோர்ச் அடிக்காதீர்கள். நாம் குளவி என்று சொல்லும் பெருந்தேனீக்கள் கலைந்தால் இரவிலும் ஒளியை நோக்கி வரும்.

வீட்டுக்குள் டோர்ச்சின் முதல் வேலை குப்பி லாம்பை வெளியேற்றுவதுதான். ஒரே கூரையின் கீழ் காம்பராக்கள் அடுத்தடுத்து ஒட்டியிருக்கும் லயனில், ஒரு வீட்டில் கவிழ்ந்த லாம்பு வரிசை முழுவதையும் எரித்துவிடக்கூடும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை மின்சாரம் நின்ற காலத்தில், மெழுகுவர்த்திக்கும் மண்ணெண்ணெய்க்கும் அலைந்தவர்களுக்கு நான் சொல்லிக்கொடுத்த ஏற்பாடு இது: டோர்ச்சை ஒரு குவளையில் செங்குத்தாக நிறுத்தி, வெள்ளைச் சுவரோ முகடோ இருந்தால் அதை நோக்கி ஒளியை விடுங்கள், திரும்பி இறங்கும் மென்மையான ஒளியில் அறை முழுவதும் புழங்கலாம். கூரை புகை படிந்த தகரமாக இருந்தால் அது ஒளியை விழுங்கிவிடும். அப்போது ஒரு தெளிந்த பிளாஸ்டிக் போத்தலில் தண்ணீர் நிரப்பி, இரண்டு மூன்று துளி பால் விட்டு, அதன் அடியிலிருந்து டோர்ச்சைக் காட்டுங்கள். போத்தல் முழுவதும் ஒளிரும். பிள்ளைகள் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து படிக்க அது போதும்.

எரிவாயு மணம் வந்தால் தீக்குச்சி கிழிக்கக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். மின்சுவிட்சைத் தொடக் கூடாது என்பது சிலருக்குத்தான் தெரியும். சாதாரண டோர்ச்சின் விசையிலும் சிறு பொறி எழலாம் என்பதால், அதையும் அந்த அறைக்குள் நின்று போடவோ அணைக்கவோ வேண்டாம். கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, எல்லாரும் வெளியே வந்து, மணம் அடங்கும்வரை காத்திருப்பதே முறை.

நிழலைக் கொண்டு பார்க்கும் அதே உத்தி சிறு வேலைகளுக்கும் பொருந்தும். மூக்குத்தித் திருகோ தோட்டின் கல்லோ தரையில் விழுந்துவிட்டால் மேலிருந்து ஒளி காட்டித் தேடாதீர்கள். அறையை இருட்டாக்கி, டோர்ச்சைத் தரையோடு படுக்கவைத்து மெதுவாக உருட்டுங்கள். கடுகளவுப் பொருளும் விரல் நீளத்துக்கு நிழல் விடும். உடைந்த கண்ணாடித் துண்டுகளுக்கும் இதுவே வழி. துண்டு தானே மினுங்கிக் காட்டிக்கொடுக்கும். மழைக்கோட்டிலோ கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் படங்கிலோ எங்கே ஒழுகுகிறது என்று தெரியாவிட்டால், இருட்டறையில் டோர்ச்சை உட்புறம் விட்டுப் பாருங்கள். ஊசித்துளைகூட நட்சத்திரம்போல் தெரியும். அங்கே சோக்கால் குறியிட்டு ஒட்டுப்போடலாம். அடைகாக்கும் கோழியின் முட்டையை ஏழாம் நாள் இரவில் எடுத்து, அகன்ற முனையில் டோர்ச்சை ஒட்டவைத்து விரல்களால் ஒளி கசியாமல் மூடிப் பார்த்தால், கரு பிடித்த முட்டையில் சிலந்தி வலைபோல் செந்நரம்புகள் தெரியும். வெறுமனே மஞ்சளாக ஒளிரும் முட்டை பொரிக்காது. காட்டோரம் போய் வந்தவர்கள் கணுக்காலையும் விரலிடுக்கையும் சாய்ந்த ஒளியில் பார்த்தால் ஒட்டியிருக்கும் அட்டையின் ஈரப் பளபளப்பு உடனே தெரியும். அதைச் சுடாமல், நகத்தை அதன் வாய்ப்பக்கம் செருகித் தள்ளிவிடுங்கள்.

அடைமழை இரவுகளில் டோர்ச்சுக்கு இன்னும் பொறுப்பான ஒரு வேலை இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுக்குள் போன பிறகு, மண்சரிவின் முன்னறிகுறிகளைப் பற்றி நம்மிடையே பேச்சு கூடியிருக்கிறது. சுவரிலும் நிலத்திலும் புதிய வெடிப்பு, சரியாக மூடிக்கொண்டிருந்த கதவு இறுகுதல், புதிய நீரூற்று, தெளிவாக வந்த பீலித் தண்ணீர் திடீரெனக் கலங்குதல் அல்லது நின்றுபோதல் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. சுவரோடு ஒட்டி டோர்ச்சைப் பிடித்து ஒளியை நீளவாக்கில் ஓடவிட்டால், பகலில் கண்ணுக்குப் படாத மயிரிழை வெடிப்பும் கறுத்துத் தெரியும். அதன் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் திகதியையும் எழுதி வையுங்கள். அடுத்த மழையில் வெடிப்பு கோட்டைத் தாண்டியிருந்தால் விடியும்வரை காத்திருக்காமல் வெளியேறி, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்துக்கு அறிவிக்க வேண்டும். ஒரு நாளில் 150 மில்லிமீற்றர் மழை பதிவானால் வெளியேறும் நிலை என்பதே தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவுகோல். சவுக்கு மரம் விழுந்து அறுந்த மின்கம்பி கானுக்குள்ளும் கிடக்கலாம் என்பதால், அடியெடுத்து வைக்குமுன் ஒளியை முழு வலுவில் ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள்.

வழி மூடிக்கொண்டால் எதிர்மலைக்குச் செய்தி சொல்லவும் டோர்ச் உதவும். பத்து விநாடிக்கு ஒருமுறையாக ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஒளி காட்டி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடியும் தொடங்க வேண்டும். கண்டவர் நிமிடத்துக்கு மூன்று முறை காட்டிப் பதில் சொல்வார். ஐரோப்பாவின் அல்ப்ஸ் மலையேறிகளிடையே பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த முறை இது. ஆனால் எதிர் லயனில் இருப்பவருக்கும் முன்கூட்டியே சொல்லிவைத்தால்தான் இதனால் பயன் உண்டு. இல்லாவிட்டால் யாரோ பிள்ளைகள் விளையாடுகிறார்கள் என்று படுத்துவிடுவார்கள்.

கடைசியாகப் பெட்டரி. 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் தை, மாசியில் புல் வெளுக்கும் அளவுக்கு உறைபனி விழும். குளிரில் பெட்டரி சோரும். அதனால் இரவில் டோர்ச்சை உட்சட்டைப் பையில் வைத்திருங்கள். என் அப்பா இரண்டு பெட்டரி போடும் எவரெடி டோர்ச் ஒன்று வைத்திருந்தார். வெளிச்சம் மங்கியதும் பெட்டரிகளைக் கழற்றி அடுப்பங்கரை ஓரத்தில் சூடேற வைப்பார். மறுநாள் இன்னும் கொஞ்ச நேரம் எரியும். சூட்டில் பெட்டரிக்குள் இரசாயன வினை சற்று விரைவதால் அப்படி எரிந்தது. அந்தப் பழக்கத்தை இன்றைய லித்தியம் பெட்டரியிடம் காட்டாதீர்கள். அது சூடேறினால் வெடிக்கும், தீப்பற்றும். அதைச் சாவியோடும் சில்லறையோடும் ஒரே பையில் போடுவதும், மெத்தைமேல் வைத்துச் சார்ஜ் செய்வதும் அதே ஆபத்தைத் தரும். பழையதையும் புதியதையும் கலந்து போடாதீர்கள். அல்கலைன் பெட்டரி கசிந்து முனைகளில் வெள்ளைப் பூப் பூத்திருந்தால், பெட்டரியை எடுத்துவிட்டு, தேசிக்காய்ச் சாறு தொட்ட துணியால் துடைத்து, ஈரத்துணியால் மறுபடி துடைத்துக் காயவையுங்கள். பையில் தானாக எரியாமலிருக்கப் பின்மூடியைக் கால் சுற்றுத் தளர்த்திவிட்டால் போதும். பெரும்பாலான உலோக டோர்ச்சுகளில் அது வேலை செய்யும். வீட்டில் கதவு நிலைக்கு அருகே ஓர் ஆணியடித்து, கரண்ட் போன இருட்டிலும் கை தானாகப் போகிற உயரத்தில் அதைத் தொங்கவிடுங்கள். வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் அந்த ஆணியை இன்னும் ஒரு சாண் மேலே அடியுங்கள்.