முதலில் பின்னைப் பாருங்கள்: பழைய தமிழ் காமிக்ஸுக்கு மதிப்பெண் போடும் விதம்

அப்பா மதுரையில் பைண்டிங் பட்டறை வைத்திருந்தார். கோடை விடுமுறை வந்தால் எனக்கு மைதா பசை கிண்டும் வேலை. பூச்சி அண்டாமலிருக்க அதில் ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட வேண்டும். மறந்தால் முதுகில் ஒன்று விழும். தெருப் பையன்கள் முத்து, லயன், ராணி காமிக்ஸ்களைப் பத்துப் பத்தாக அடுக்கிக்கொண்டு வருவார்கள். அப்பா குத்தூசியால் ஓட்டை போட்டு, தைத்து, காலிகோ துணி ஒட்டி, மூன்று பக்கமும் கட்டிங் மெஷினில் வெட்டி, செங்கல் மாதிரி திருப்பிக் கொடுப்பார். பார்க்க அவ்வளவு அழகு. இன்றைக்கு அதே செங்கல் என் கைக்கு வந்தால் வயிறு எரிகிறது. பத்து இதழின் மதிப்பும் அந்த ஒரே வெட்டில் போயிருக்கும். மெஷின் கைப்பிடியை இழுத்தவன் பல தடவை நான்தான்.

அந்தப் பாவத்துக்குப் பரிகாரமாக இதை எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காமிக்ஸ் மதிப்பீட்டுக்கு அமெரிக்காவில் 0.5 முதல் 10 வரை ஓர் அளவுகோல் உண்டு. 9.4 என்றால் ‘நியர் மின்ட்’, 8 ‘வெரி ஃபைன்’, 6 ‘ஃபைன்’, 4 ‘வெரி குட்’, 2 ‘குட்’. ஆமாம், ‘குட்’ என்பது பத்துக்கு இரண்டுதான்! நம் ஊரில் ஒருவர் “குட் கண்டிஷன் சார்” என்றால் அந்த அளவுகோலை மனதில் வைத்துச் சொல்லவில்லை என்பதை நினைவில் வையுங்கள். 2000-இல் தொடங்கிய சிஜிசி என்ற நிறுவனம் அங்கே இதழை மதிப்பிட்டு, கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள் மூடியே அனுப்புகிறது. சூப்பர்மேன் அறிமுகமான 1938-ஆம் ஆண்டு ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழில், 9.0 வாங்கிய ஒரு பிரதி 2014-இல் 32 லட்சம் டாலருக்குப் போனது. நமக்கு அவர்கள் எண்ணைவிட முக்கியமானது வேறொன்று: அழகுபடுத்திய பிரதிக்கு அவர்கள் ஊதா லேபிள் ஒட்டிவிடுவார்கள். கிழிசலை ஒட்டியது, போன நிறத்தை மறுபடி பூசியது எல்லாம் அதில் சேரும். விலையும் இறங்கிவிடும். அழுக்காக இருக்கும் பிரதியைவிட அழகாக்கிய பிரதியின் மேல்தான் சந்தேகம் அதிகம். பைண்டர் மகனான எனக்கு இது சீக்கிரம் புரிந்துவிட்டது.

இனி இதழைக் கையில் எடுங்கள். கையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டு.

அட்டையை நான் கடைசியில்தான் பார்ப்பேன். முதலில் நடுப்பக்கம். பழைய இதழ்களில் பெரும்பாலானவை நடுவில் பின் அடித்தவை. பின் துருப்பிடித்திருக்கிறதா, துருக்கறை காகிதத்துக்குள் இறங்கியிருக்கிறதா, நடுத்தாள் பின்னோடு பிடித்திருக்கிறதா, இல்லை கழன்று ஆடுகிறதா என்று பாருங்கள். முத்து, லயன் அச்சானது வறண்ட சிவகாசியில். படிக்கப்பட்டது நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ என்றால் கடற்காற்று பின்னில் வேலையைக் காட்டியிருக்கும். பளபளவென்று புது பின் இருந்தால் மகிழ வேண்டாம். பழைய ஓட்டைகள் பக்கத்திலேயே தெரிகின்றனவா என்று பாருங்கள்; தெரிந்தால் யாரோ பிரித்து மறுபடி அடித்திருக்கிறார்கள். ஏன் பிரித்தார்கள் என்பதுதான் அடுத்த கேள்வி. பெரும்பாலும் பக்கம் காணாமல் போயிருக்கும்.

அதைக் கண்டுபிடிக்கப் பட்டறையில் கற்ற ஒரு கணக்கு இருக்கிறது. நடுவில் பின் அடித்த புத்தகத்தில் ஒவ்வொரு தாளும் மடிந்து முன்னால் ஒரு பாதி, பின்னால் ஒரு பாதியாக நிற்கும். நடுப்பக்க எண்கள் இரண்டையும் கூட்டுங்கள். 32, 33 என்றால் 65. இனி எந்தத் தாளை எடுத்தாலும் அதன் ஒரே முகத்தில் இருக்கும் இரண்டு எண்களின் கூட்டு 65-ஆகத்தான் வரவேண்டும். 5-க்குத் துணை 60. அதன் மறுபக்கத்தில் 6-க்குத் துணை 59. 5, 6 உள்ள பாதி கிழிந்து போயிருந்தால் 59, 60 உள்ள பாதி பிடிப்பில்லாமல் தொங்கும், அல்லது யாராவது அதன் ஓரத்தில் பசை தடவி நிறுத்தியிருப்பார்கள். கதை நடுவில் தாவுகிறதா என்று படித்துப் பார்க்கத் தேவையில்லை. எண்ணினால் இரண்டு நிமிடம். தடித்த சிறப்பிதழ்கள் முதுகில் பசை போட்டவை, அவற்றில் இந்தக் கணக்கு செல்லாது. ஒவ்வொரு பக்கமாக எண்ணத்தான் வேண்டும். ஒரு பக்கம் இல்லையென்றாலும் என் குறிப்பில் அந்த இதழ் பத்துக்கு 1-ஐத் தாண்டாது, அட்டை எவ்வளவு மினுங்கினாலும்.

அடுத்து ஓரங்கள். வெட்டப்பட்டதா என்று தெரிய, அதே காலத்து, அதே அளவில் வந்த வேறோர் இதழை மேலே வைத்துப் பாருங்கள். இரண்டு மூன்று மில்லிமீட்டர் குறைந்தாலே போதும், பைண்டிங்கில் இருந்து பிரித்த இதழாக இருக்க வாய்ப்பு அதிகம். முதுகுக்கு அரை சென்டிமீட்டர் உள்ளே வரிசையாகக் குத்தூசி ஓட்டைகள் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். பழுப்பேறிய காகிதத்தில் ஓரம் மட்டும் வெளுப்பாக, கூர்மையாக இருந்தாலும் அதேதான். அது பிற்காலத்தில் விழுந்த வெட்டு. காற்றும் வெளிச்சமும் ஓரத்தைத்தான் முதலில் தொடும், ஆகவே இயல்பாக ஓரம்தான் முதலில் பழுப்பாகும். மலிவான காகிதத்தில் லிக்னின் என்ற மரச்சத்து அப்படியே இருப்பதுதான் காரணம். அது நாளடைவில் காகிதத்தை அமிலமாக்கி நொறுங்க வைக்கிறது. நொறுங்குமா என்று பார்க்க மூலையை மடித்துவிடாதீர்கள், புண்ணியமாகப் போகும். மெதுவாக ஒரு பக்கத்தைத் திருப்புங்கள். முறுக்கு உடைகிற மாதிரி சத்தம் கேட்டால் மூடி வைத்துவிடுங்கள்.

பைண்டிங்கில் இருக்கும் இதழ்களைப் பிரிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: பிரிக்காதீர்கள். வெட்டிய ஓரம் திரும்ப வளராது. செங்கலாகவே வைத்துப் படியுங்கள்.

மூக்குக்கும் வேலை உண்டு. பூஞ்சை நெடி அடித்தால் தனியாக வையுங்கள், பக்கத்து இதழ்களுக்கும் பரவும். பாச்சை உருண்டை வாசனை குறை அல்ல, முன்பு வைத்திருந்தவர் அக்கறையானவர் என்று அர்த்தம். இராமபாணம் தின்ற இதழில் மேல்பரப்பு மட்டும் சுரண்டினாற்போல் இருக்கும், பசை உள்ள முதுகுப் பகுதியில் அதிகம். செல் அரித்தது வேறு. அது ஊடுருவி ஓட்டை போட்டுவிடும்.

இப்போது அட்டை. ஜன்னல் ஓரம் சாய்த்துப் பிடியுங்கள். நேராகப் பார்த்தால் தெரியாத மடிப்புகள் சாய்ந்த வெளிச்சத்தில் கோடு கோடாக எழுந்து வரும். மடிப்பில் நிறம் உதிர்ந்து வெள்ளை தெரிகிறதா என்பது முக்கியம். உதிராத மடிப்புக்கு நான் அரை மதிப்பெண் குறைத்தால், உதிர்ந்ததற்கு ஒன்று ஒன்றரை குறைப்பேன். வாடகை நூலக முத்திரை, “இப்புத்தகம் எஸ். முருகேசன், 7-ஆம் வகுப்பு ‘ஆ’ பிரிவு” போன்ற கையெழுத்து (பெயரை மாற்றியிருக்கிறேன்), வில்லனுக்கு வரைந்த மீசை, இதெல்லாம் வழக்கமான குறைகள். உள்ளே இருக்கும் கூப்பன் வெட்டப்பட்டிருந்தால் அது பக்கக் குறைபாட்டில் சேரும், மறுபக்கத்துக் கதையும் சேர்ந்தே போயிருக்கும். செல்லோ டேப்தான் என் ஜென்ம எதிரி. பத்து இருபது வருஷத்தில் பிளாஸ்டிக் உதிர்ந்துவிடும், பசை மட்டும் மஞ்சளாகக் காகிதத்துக்குள் இறங்கி நிற்கும்.

அட்டையே பொய்யாக இருந்தால்? எனக்கு நடந்தது. ஒருவரிடம் போட்டோ பார்த்து 900 ரூபாய்க்கு, முத்து காமிக்ஸின் நாயகனான இரும்புக்கை மாயாவியின் இதழ் ஒன்றை வாங்கினேன். போட்டோவில் பளபளப்பு. கையில் வந்தபோது முதுகு மடிப்பில் மை செதில் செதிலாகப் பெயர்ந்தது. கலர் ஜெராக்ஸ் அட்டை! அதிலிருந்து வாட்ச் ரிப்பேர்காரர் போடுகிற மாதிரி ஒரு பூதக்கண்ணாடி வாங்கி வைத்திருக்கிறேன். ஆஃப்செட் அச்சில் நிறங்கள் குட்டிக் குட்டிப் புள்ளிகளாக, பூப்போல் அடுக்கி வரும். ஜெராக்ஸில் அப்படி வராது, அந்தப் புள்ளிகளே கலங்கித் தெரியும். உள்பக்கம் மாற்றப்பட்டதா என்று அறிய, ரூபாய் நோட்டு சோதிக்கும் நீல விளக்கு போதும்: பழைய செய்தித்தாள் ரகக் காகிதம் மங்கலாகவே கிடக்கும், இன்றைய ஜெராக்ஸ் பேப்பர் நீல வெள்ளையாக ஒளிரும்.

இன்னொரு குழப்பம், மறுபதிப்பு. முத்து காமிக்ஸ் 1972-இல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கியது. அந்தக் கதைகள் பிற்பாடு காமிக்ஸ் கிளாசிக்ஸ் என்ற மறுபதிப்பு வரிசை வழியாகவும் வந்தன. கதைத் தலைப்பைப் பார்த்து முதல் பதிப்பு என்று பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். வெளியீட்டு எண், விலை, பின்னட்டை விளம்பரம் மூன்றும் ஒரே காலத்தைச் சொல்ல வேண்டும். புதியவர்களுக்கு ஒரு வார்த்தை: ராணி காமிக்ஸில் ‘மாயாவி’ என்றால் முகமூடி போட்ட ஃபேண்டம். இரும்புக்கைக்காரரைத் தேடி அதை வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

எண் போடுவதற்கு முன் குறைகளை எழுதுங்கள். எனக்குப் பென்சில், சின்னச் சீட்டு, ஒரு வரி. போன மாதம் வந்த ஒரு லயன் இதழுக்கு நான் எழுதியது: “பக்கம் முழுசு. மேல் பின் லேசாகத் துரு. அட்டை மடிப்பு 2, ஒன்றில் நிறம் போனது. முத்திரை 1. வெட்டு இல்லை. ஒட்டு இல்லை. 5.” விற்றவர் 8 என்று சொல்லியிருந்தார். சீட்டைக் காட்டினேன். “தம்பி, நீங்க சொல்றது சரிதான்” என்று 200 ரூபாய் குறைத்தார். எண்ணை மட்டும் சொல்லியிருந்தால் வாக்குவாதம்தான் மிஞ்சியிருக்கும்.

சீட்டை இதழுக்குள் வைக்காதீர்கள், அதன் தடம் விழும். இதழைப் பாலிபுரொப்பிலின் என்ற பிளாஸ்டிக் உறையில் போட்டு, சீட்டை அதற்கு வெளியே ஒட்டுங்கள். பிசுபிசுக்கும் பிவிசி உறை வேண்டவே வேண்டாம்.

தூரத்திலிருந்து வாங்கினால் நான்கு படங்கள் கேளுங்கள்: நடுப்பக்கம் விரித்து இரண்டு பின்னும் தெரிய ஒன்று, அட்டையைச் சாய்ந்த வெளிச்சத்தில் ஒன்று, வேறோர் இதழோடு அடுக்கி ஓரம் ஒன்று, பின்னட்டை ஒன்று. முன்னட்டைப் படத்தை அவர் கேட்காமலே அனுப்பிவிடுவார்.