நிக்கல் படலத்தில் அசாதாரண ஹால் விளைவை அளப்பது எப்படி?

எங்கள் ஆய்வகத்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது கண்ணாடித் துண்டின் மேல் படிய வைத்த 20 நானோமீட்டர் நிக்கல் படலம். இரும்பைக் கொடுக்க மாட்டேன். படலத்தின் தளத்தில் படுத்திருக்கும் காந்தமாக்கத்தைச் செங்குத்தாக நிமிர்த்த இரும்புக்கு 2 டெஸ்லாவுக்கு மேல் வேண்டும். நிக்கலுக்குச் சுமார் 0.6 போதும், மேசை மின்காந்தமே அதைத் தந்துவிடும்.

மின்னோட்டம் ஓடும் உலோகத்தின் மேல் செங்குத்தாகக் காந்தப்புலம் வைத்தால், ஓட்டத்துக்குக் குறுக்கே ஒரு மின்னழுத்தம் எழும். இதுதான் ஹால் விளைவு. காந்தமல்லாத உலோகங்களைவிட இரும்பில் இந்தக் குறுக்கு மின்னழுத்தம் சுமார் பத்து மடங்கு பெரிதாக இருப்பதை எட்வின் ஹால் 1881இல் கண்டார். ஓடும் எலக்ட்ரானை வெளிப்புலம் மட்டும் வளைப்பதில்லை. உலோகத்தின் காந்தமாக்கமும் அதை ஒரு பக்கமாகத் தள்ளுகிறது. படிகத்துக்குள் எலக்ட்ரானின் ஸ்பின்னும் (அதன் உள்ளார்ந்த சுழல் பண்பு) ஓட்டமும் பிணைந்திருப்பதுதான் இதற்குக் காரணம் என்று இயற்பியலாளர்கள் கார்ப்ளஸும் லட்டிஞ்சரும் 1954இல் விளக்கினார்கள். அந்தத் தள்ளல்தான் அசாதாரண ஹால் விளைவு. நாம் அளக்கப் போவது அதை.

1 மில்லிமீட்டர் அகலப் பட்டையின் இரு முனைகளில் மின்னோட்டத்துக்கும், நடுவில் எதிரெதிர்ப் பக்கங்களில் மின்னழுத்தத்துக்கும் மெல்லிய கம்பிகளைச் சில்வர் பெயின்ட்டால் ஒட்டுங்கள். 1 மில்லிஆம்பியர் செலுத்தினால் 15 முதல் 30 மைக்ரோவோல்ட் வரை கிடைக்கும்.

இங்கேதான் பொறுமை வேண்டும். பக்கக் கம்பிகள் 0.1 மில்லிமீட்டர் விலகியிருந்தாலே நீளவாட்டு மின்தடை (மின்னோட்டத்தின் திசையில் உள்ள தடை) கலந்து கிட்டத்தட்ட அரை மில்லிவோல்ட் வந்துவிடும். நமக்கு வேண்டியது அதற்குள் அமுங்கிப்போகும். ஒட்டுவதைத் துல்லியமாக்கி மட்டும் இதிலிருந்து தப்ப முடியாது. கணக்கில்தான் நீக்க வேண்டும். ஒவ்வொரு புலத்திலும் மின்னோட்டத்தைத் திருப்பி அளந்து, இரண்டின் வித்தியாசத்தில் பாதியை எடுங்கள். வெப்பத்தால் எழும் மின்னழுத்தம் போய்விடும். அப்புறம் புலத்தை +1.5 டெஸ்லாவிலிருந்து −1.5 வரை இறக்கி, மறுபடி ஏற்றுங்கள். மின்தடைக் கலப்பு புலத்தின் திசை மாறினாலும் மாறாது. ஹால் மின்னழுத்தம் குறி மாறும். ஆகவே கழித்துப் பாதியாக்கினால் ஹால் பங்கு மட்டும் மிஞ்சும். ஆனால் இறங்கும்போது +0.3இல் எடுத்த அளவை ஏறும்போது −0.3இல் எடுத்ததோடுதான் சேர்க்க வேண்டும். ஒரே ஓட்டத்தின் இரு புள்ளிகளைச் சேர்த்தால் காந்தத் தயக்கம் உள்ள (புலம் ஏறும்போதும் இறங்கும்போதும் காந்தமாக்கம் வேறுபடும்) மாதிரிகளில் விடை தப்பாகிவிடும்.

1 டெஸ்லாவுக்கு மேல் காந்தமாக்கம் நிறைவடைந்திருக்கும். அங்குள்ள மெல்லிய சரிவு சாதாரண ஹால் விளைவு. அந்த நேர்கோட்டைப் பூஜ்ய புலம்வரை பின்னோக்கி நீட்டுங்கள். அச்சை அது வெட்டும் இடம்தான் அசாதாரணப் பங்கு. நிக்கலில் சரிவும் வெட்டும் மதிப்பும் ஒரே குறியில் வர வேண்டும். வரவில்லை என்றால் கணக்கை மறுபடி பாருங்கள்.

கிடைத்த மின்னழுத்தத்தைத் தடிமனால் பெருக்கி மின்னோட்டத்தால் வகுத்தால் ஹால் தடைத்திறன் கிடைக்கும். சரி, அதோடு நிறுத்தாமல் மாதிரியைத் திரவ நைட்ரஜனில் 77 கெல்வின் வரை குளிர்வித்து, வெவ்வேறு வெப்பநிலைகளில் நீளவாட்டுத் தடைத்திறனையும் அளந்து, அதற்கு எதிராக ஹால் தடைத்திறனை வரைபடம் போடுங்கள். மாசுகளில் சாய்ந்து சிதறுவதால் வரும் பங்கு அந்தத் தடைத்திறனோடு நேர்விகிதத்தில் மாறும். படிகத்தின் ஆற்றல் பட்டைகளிலிருந்து வரும் பங்கு அதன் வர்க்கத்தோடு மாறும்.