கவிழ்ந்த கயாக்கில் திரும்ப ஏறுவது: இரண்டு பேர், இரண்டு படகு

துடுப்பு போடத் தெரியும், லைஃப் ஜாக்கெட் இல்லாமல் இறங்க மாட்டீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். குமரி மாவட்டத்தில் தேங்காப்பட்டணத்திலிருந்து நீரோடி வரையுள்ள எங்கள் கரையை மனதில் வைத்து எழுதியது இது. கேரள எல்லைக்கு அப்புறம் பொழியூர், பூவாறுக்காரர்களுக்கும் பொருந்தும்.

இரட்டை இருக்கைக் கயாக் வேண்டவே வேண்டாம். கவிழ்ந்தால் இரண்டு பேரும் தண்ணீரில்தான், பிடித்துக்கொடுக்க ஆள் இருக்காது. ஆளுக்கொன்று எடுங்கள், அதுவும் முன்னும் பின்னும் அடைப்பறை (தண்ணீர் புகாத அறை) உள்ளதாக. அடைப்பறை இல்லாத படகில் தண்ணீர் நிரம்பினால் கீழே சொல்லும் எதுவும் நடக்காது.

டிசம்பர் முதல் மார்ச் வரை, காலை நேரம் நல்லது. மதியம் கடற்காற்று ஏறிவிட்டால் கரை திரும்புவதே பெரும்பாடு. ஜூன் முதல் செப்டம்பர் வரை நினைத்தே பார்க்காதீர்கள். ஏமாற்றுவது ஏப்ரலும் மேயும்தான். வானம் தெளிவாக இருக்கும், காற்றும் இருக்காது. ஆனால் இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் அடித்த புயலின் அலை இங்கே வந்து ஏறும். அதுதான் கள்ளக்கடல். 2024 மே 6 அன்று கணபதிபுரம் அருகே ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்தது அந்த எச்சரிக்கை இருந்த நேரத்தில்தான். கடல் நிலையை முன்கூட்டிச் சொல்லும் மத்திய அரசு மையமான இன்காய்ஸின் அறிவிப்பில் அலை உயரத்தோடு, அலைக்கு அலை உள்ள இடைவெளியையும் பாருங்கள். ஒரு மீட்டர் அலையே 16 விநாடி இடைவெளியில் வந்தால் கரையில் எழும்பி அடிக்கும். செயலியைவிட நான் நம்புவது வள்ளக்காரர்களை. "இன்னைக்கு நீவாடு (நீரோட்டம்) சரியில்ல மக்கா" என்று ஒருவர் சொன்னால், வண்டியிலிருந்து படகை இறக்காதீர்கள்.

கரையரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிப் போட்ட தூண்டில் வளைவுக் கற்களை விட்டுத் தள்ளியே இறங்குங்கள். கல்லில் மோதித் திரும்பும் அலை, வரும் அலையோடு சேர்ந்து குத்துக்குத்தாக எழும். பொழிமுகமும் வேண்டாம், ஆறு வெளியே தள்ளும்போது அலை செங்குத்தாகி உடையும்.

இனி மீட்பு.

1. கவிழ்ந்தவர் ஸ்கர்ட்டின் (இடுப்பில் மாட்டி இருக்கைக் குழியை மூடும் உறை) வளையத்தை முன்பக்கமாக இழுத்து வெளியே வரவேண்டும். வளையம் உள்ளே மடிந்து கிடக்கிறதா என்று கரையிலேயே ஒருவருக்கொருவர் பார்த்துவிடுங்கள். வெளியே வந்ததும் ஒரு கை படகில், இன்னொரு கை துடுப்பில்.

2. மற்றப் படகில் இருக்கும் துணை, கவிழ்ந்த படகின் மூக்கைப் பிடித்துத் தன் படகின் மேல் குறுக்காக இழுக்க வேண்டும். தண்ணீரில் இருப்பவர் வால் பக்கத்தை அமுக்கினால் மூக்கு எழும்பும், தண்ணீர் கொட்டிவிடும். பிறகு நிமிர்த்தி, இரண்டு படகையும் ஒட்டி நிறுத்துங்கள், மூக்கும் வாலும் எதிரெதிராக.

3. எங்களை ரொம்பச் சுற்றவிட்ட இடம் இது. துணை துடுப்பை மடியில் குறுக்கே வைத்துவிட்டு, அந்தப் படகின் இருக்கைக் குழி விளிம்பை இரண்டு கையாலும் பற்றி, இடுப்பிலிருந்து சாய்ந்து நெஞ்சை அதன்மேல் கிடத்த வேண்டும். நேராக உட்கார்ந்துகொண்டு கையால் மட்டும் பிடித்தால் ஒவ்வொரு அலையும் படகுகளைப் பிரிக்கும், ஏறுபவர் நடுவில் விழுவார். சாய்ந்தால் நாமும் போய்விடுவோம் என்று உடம்பு அடம்பிடிக்கும். போகமாட்டீர்கள், சேர்த்துப் பிடித்த இரண்டு படகு கட்டுமரம் மாதிரி அசையாது. ஜாக்கெட் கொக்கி அந்தப் படகின் தட்டில் உரசும் சத்தம் கேட்டால் போதுமான அளவு சாய்ந்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

4. ஏறுபவர் காலை உதைத்து, வால் பக்கத்தில் குப்புற ஏறி, கால்களைக் குழிக்குள் விட்டு, துணையின் பக்கமாகப் புரண்டு உட்கார வேண்டும். ஸ்கர்ட் பூட்டித் துடுப்பு கைக்கு வரும்வரை பிடியை விடக்கூடாது. "போதும், விடு" என்று அவரே சொல்லட்டும்.

அலை உடையும் இடத்தில் இதை முயலவே கூடாது. படகு கரைப்பக்கமும் நீங்கள் கடல்பக்கமும் இருக்கும்படி வைத்துக் கரைக்கு நீந்துங்கள். மாறி நின்றால் தண்ணீர் நிரம்பிய படகு உங்கள் மேலேயே வந்து விழும்.

பின்சேர்க்கை: கையில் வலுவில்லை, ஏற முடியவில்லை என்று பலர் கேட்டார்கள். இரண்டு படகுக்கும் நடுவே மல்லாந்து படுத்து, ஒரு காலைக் குழிக்குள் விட்டுக் குதிகாலால் கொக்கி போட்டுப் புரளுங்கள். வேலையைக் கால் செய்யும். அதுவும் முடியாவிட்டால் கடலோரக் காவல் படை எண் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093. ஈர விரலுக்குத் தொடுதிரை மசியாது, இரண்டையும் விரைவு அழைப்பில் போட்டு வையுங்கள்.